சுவருக்கு அந்தப் பக்கம் ஒரு நிமிஷம் பிந்தி

எங்கள் லைன் வீடுகளில் சுவர் என்பது பேருக்குத்தான். ஒரு செங்கல் கனம். கட்டினவனிடம் சிமெண்டைக் கொடுத்தார்களா, தூரத்திலிருந்து காட்டினார்களா தெரியாது. பக்கத்து வீட்டில் ஒருவர் தும்மினால் நம் வீட்டில் தூங்குகிறவன் எழுந்து உட்கார்வான். அங்கே புருஷன் பெண்டாட்டி சண்டை வந்தால் பஞ்சாயத்துக்குப் போக வேண்டியதில்லை, படுத்தபடியே தீர்ப்புச் சொல்லிவிடலாம். இருபத்திரண்டு வீடுகள் அப்படி வரிசையாக. எட்டாம் நம்பர் என்னுடையது. ஒன்பதில் ஓசியார் குடும்பம்.

ஓசியார் என்று பேர் வைத்தது நான்தான், மறைப்பானேன். கடைக்குப் போய் ஒரு பொருளைப் புதிதாக வாங்குவது அந்த மனுஷனுக்கு மானக்கேடு மாதிரி. யாரோ தூக்கிப்போட்ட மின்விசிறி அவர் வீட்டில் சுற்றும். யாரோ கழித்துக்கட்டிய மிக்ஸி அவர் வீட்டில் அரைக்கும். மலையைக் குடைந்து சுரங்கம் போடுகிற கம்பெனியில் துளை போடும் மெஷின் ஓட்டுகிறவர். மூன்று மாதம் மலையில், பதினைந்து நாள் வீட்டில். அந்தப் பதினைந்து நாளும் ஸ்க்ரூடிரைவரைக் காதில் பென்சில் மாதிரி செருகிக்கொண்டு அலைவார்.

ஒரு தடவை ஏதோ ஆபீஸைக் காலி செய்தபோது குப்பையில் எறிந்த கம்ப்யூட்டரைத் தோளில் சுமந்துகொண்டு வந்தார். வாசலில் வைத்துப் பிரித்தார். உள்ளே இருந்து அரைப்படி தூசியும் ஒரு செத்த பல்லியும் வந்தன. நான் வேலை பார்க்கிற பஸ் டிப்போவிலிருந்து வந்து சைக்கிளை நிறுத்தினவன், "என்னய்யா, பல்லிக்கு ஈமச்சடங்கா?" என்றேன்.

"சிரிங்கண்ணே, சிரிங்க. இன்னும் ரெண்டு நாள்ல எங்க வீட்ல கேபிள் கிடையாது, டிஷ் கிடையாது. ஊர்ல இருக்கிற சேனல் பூரா ஓசியில ஓடும், பாத்துட்டே இருங்க."

சொன்ன மாதிரியே செய்தார். கம்ப்யூட்டரிலிருந்து டிவிக்கு ஒரு வயர். போனிலிருந்து நெட். இலவசமாகக் காட்டுகிற சேனல்களை எல்லாம் வலைவீசிப் பிடித்து வைத்திருந்தார். மவுஸ் வயர் எட்டாமல் இன்னொன்றை ஒட்டுப்போட்டு, அதைத் தரையோடு டேப் ஒட்டி, கட்டில்வரை கொண்டுவந்திருந்தார். அவருடைய அப்பா இடுப்பு எலும்பு முறிந்து அந்தக் கட்டிலோடு கிடக்கிறவர். காதும் முக்கால்வாசி போய்விட்டது. அவருக்குப் படம் ஓடினால் போதும், சத்தம் வந்தாலும் ஒன்று, வராவிட்டாலும் ஒன்று.

மலைக்குக் கிளம்புகிற அன்று ஓசியார் ஓர் அட்டையில் எழுதி டிவி பக்கத்தில் ஒட்டிவிட்டுப் போனார். நான் படித்திருக்கிறேன். "முதல்ல கம்ப்யூட்டர், அப்புறம் டிவி. படம் நின்னா வட்டம் சுத்தும், பதறாதே, தானா வரும். விளம்பரம் வந்தா பெருக்கல் குறிய அமுக்கு. பரிசு விழுந்திருக்குன்னு வந்தா நம்பாதே, நமக்கு எவனும் தர மாட்டான்."

அந்த ஓசி டிவியில் ஒரே ஒரு குறை. எங்கள் வீட்டு டிஷ்ஷில் நடப்பது அவர்கள் வீட்டில் ஒரு நிமிஷம் கழித்துத்தான் நடக்கும். இது எப்படித் தெரிந்தது என்றால், என் வீட்டுக்காரியால். அவளுக்கு லைனில் மைக்செட் என்று பேர். ஹாஸ்டல் சமையல்கட்டில் இருநூறு பேருக்கு ஆக்கிப்போடுகிறவள். கொதிக்கிற அண்டாவின் இரைச்சலுக்கு மேலே பேசிப்பேசித் தொண்டை அப்படி ஆகிவிட்டது. ரகசியம் பேசினாலே பதினொன்றாம் நம்பர்வரை கேட்கும். மேட்ச் நடக்கிற அன்று கேட்க வேண்டுமா? "அவுட்டூ!" என்று இவள் ஒரு கத்துக் கத்துவாள். உடனே சுவரில் டொக் டொக் என்று தட்டு விழும்.

"அண்ணி, புண்ணியமாப் போகும், கொஞ்சம் வாய மூடுங்க. எங்க வீட்ல இன்னும் பந்தே போடல!"

"காசு குடுத்துப் பாக்குறவ கத்துறேன், ஓசியில பாக்குறவருக்கு என்ன பேச்சு?" என்பாள் இவள்.

அவர்கள் இரண்டு பேருக்கும் அப்படி ஒரு ராசி. போன தடவை அவர் கிளம்பும்போது, மலையில் குளிர் எலும்பைக் கடிக்கிறது என்று சொன்னாராம். மிச்சம் மீதிக் கம்பளி நூலை வைத்து ஒரு தொப்பி பின்னிக் கொடுத்தாள். மஞ்சள் நூல் பாதியில் தீர்ந்துபோய் உச்சியில் பச்சை. பார்க்கச் சகிக்காது. அதைத் தலையில் மாட்டிக்கொண்டே பஸ் ஏறினார் மனுஷன், ஓசியாயிற்றே.

அப்புறம் மழை பிடித்தது. விட்டுவிட்டுப் பெய்கிற மழை இல்லை, நின்று நிதானமாக நாள் முழுக்கப் பெய்கிற மழை. டிப்போவில் எனக்கு டயர் பிரிவில் வேலை. மழைக்காலத்தில் டயர் கழற்றுவது போலப் பாவப்பட்ட வேலை உலகத்தில் கிடையாது. சேறு அப்பிய நட்டு அசையாது, கடப்பாரை வழுக்கும், முழங்கை தோல் போகும். அப்படி ஒரு திங்கட்கிழமை மத்தியானம் நட்டோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தபோதுதான் கேண்டீன்காரர் வந்து, "உங்க பக்கத்து வீட்டுக்காரரு எந்த மலையில வேலைன்னு சொன்னீங்க?" என்று கேட்டார். தண்ணீர் கொண்டுபோகக் குடைந்துகொண்டிருந்த சுரங்கத்தின் வாய் இடிந்து மூடிவிட்டது, பதினாலு பேர் உள்ளே என்று டிவியில் ஓடிக்கொண்டிருந்தது.

நான் வீட்டுக்கு வந்தபோது ஓசியாரின் பெண்டாட்டிக்கும் கம்பெனியிலிருந்து போன் வந்துவிட்டிருந்தது. அவள் ஆஸ்பத்திரித் துணி வெளுக்கிற லாண்டரியில் இஸ்திரி போடுகிறவள். ஒரு நாளைக்கு நூற்றைம்பது படுக்கை விரிப்பு. முன்கை இரண்டிலும் சூட்டுத் தழும்பு கோடு கோடாக இருக்கும். அதிகம் பேசமாட்டாள். என்னை அண்ணே என்பாள், நான் தங்கச்சி என்பேன், அதற்கு மேல் பேச்சு கிடையாது. அன்று வாசலில் நின்றவள் என்னைப் பார்த்ததும், "உள்ள இருக்காங்களாம்ணே" என்று மட்டும் சொன்னாள்.

போய்ப் பார்க்கலாம் என்றால் மலைப்பாதை மழையில் அரித்துப்போய் மீட்பு வண்டிகளைத் தவிர எதையும் விடவில்லை. அவளுடைய தம்பி கிளம்பிப் போனான். அவனை அடிவாரத்திலேயே நிறுத்திவிட்டார்கள். அங்கே போனில் சிக்னல் கிடையாது. ஒரு நாளைக்கு ஒரு தடவை எங்கேயோ நடந்துபோய், "ஒண்ணும் சொல்ல மாட்டேங்குறாங்கக்கா" என்று சொல்லிவிட்டு வைப்பான். அவர்களுடைய பெண் குழந்தையைத் தங்கச்சியின் அம்மா வந்து கூட்டிக்கொண்டு போய்விட்டாள். மிச்சம் இருந்தது கட்டிலில் மாமனார், டிவிக்கு முன்னால் இவள்.

"எங்க வீட்டுக்கு வந்துடு தங்கச்சி, இங்க உடனுக்குடனே தெரியும்ல" என்று என் வீட்டுக்காரி கூப்பிட்டாள்.

"மாமாவ விட்டுட்டு எப்படிக்கா? அவரத் தூக்கவும் முடியாது. அதோட..." என்று டிவியைப் பார்த்தாள். "இது அவரு மாட்டிக் குடுத்தது. இதுல பாத்தாத்தான் எனக்கு மனசு ஒப்பும்."

எட்டு நாள். ஒரு பெரிய இரும்புக் குழாயை மண்ணுக்குள் அங்குலம் அங்குலமாகச் செலுத்திக்கொண்டிருந்தார்கள். அதையே காலையிலிருந்து ராத்திரிவரை காட்டினார்கள். மைக்செட் காலையில் ஹாஸ்டலுக்குப் போகும் முன் கஞ்சி வைத்து அங்கே கொடுத்துவிட்டுப் போவாள், சாயங்காலம் வந்து பார்த்தால் பாத்திரம் அப்படியே இருக்கும். "ஏம்மா, நீ பட்டினி கிடந்தா பைப்பு சீக்கிரம் போயிடுமா?" என்று கத்துவாள். பிறகு உட்கார்ந்து, பிடித்து, இரண்டு கரண்டி ஊட்டிவிட்டு வருவாள். தங்கச்சி அந்த எட்டு நாளும் ஓசியாருடைய சட்டை, வேட்டி, பனியன், கைக்குட்டை என்று வீட்டில் இருந்த துணி அத்தனையையும் தேய்த்தாள். தேய்த்து மடித்ததைப் பிரித்து மறுபடி தேய்த்தாள். இஸ்திரிப்பெட்டியை நிறுத்தி வைக்கிற சத்தம் இந்தப் பக்கம் 'ணங்' என்று கேட்கும். நாங்கள் இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொள்வோம்.

ஒன்பதாம் நாள் காலை மழை விட்டு வானம் வெளுத்தது. எட்டு மணிச் செய்தியில் அதிகாரி ஒருவர் காகிதத்தைப் பார்த்துப் படித்தார். குழாய் உள்ளே போய்ச் சேர்ந்துவிட்டது. பதிமூன்று பேர் உயிரோடு இருக்கிறார்கள். ஒருவர் இறந்துவிட்டார். பேரை இப்போது சொல்ல முடியாது. முதலில் பதிமூன்று பேரையும் ஒவ்வொருவராக வெளியே எடுப்போம், கடைசியில் சடலம்.

என் வீட்டுக்காரி ஹாஸ்டலுக்குப் போகவில்லை, நானும் டிப்போவுக்குப் போகவில்லை. சுவருக்கு அந்தப் பக்கமிருந்து ஒரு நிமிஷம் கழித்து அதே அதிகாரியின் குரல் கேட்டது. பெரியவருக்குக் காது கேட்காதே ஒழியக் கண் தெரியும், எழுத்துக் கூட்டிப் படிப்பார். கீழே ஓடுகிற எழுத்தைப் படித்துவிட்டு அவர் பேசியது கேட்டது. செவிடர்கள் பேச்சு எப்போதும் உரக்கத்தானே இருக்கும்.

"பதிமூணு பேரு இருக்காங்கன்னு போட்டிருக்கும்மா. பதிமூணு பேரு! ஒருத்தன்தான் போயிட்டான். எவன் பெத்த புள்ளையோ, பாவம். நம்ம பய கெட்டிக்காரன். அவனுக்கு ஒண்ணும் ஆகாது."



பத்து மணிக்கு முதல் ஆள் வந்தார். சக்கரம் வைத்த பலகையில் படுக்கப்போட்டுக் கயிற்றால் இழுத்தார்கள். வெளிச்சம் தாங்காது என்று கண்ணைக் கட்டியிருந்தது. முகமெல்லாம் சேறு. பெற்ற தாய்க்கே அடையாளம் தெரியாத கோலம். நர்ஸ் ஒருத்தி ஈரத்துணியால் துடைத்த பிறகுதான் இன்னார் என்று தெரிந்தது. ஆள் கையை அசைத்ததும் மைக்செட் கத்தினாள் பாருங்கள், "வந்துட்டாங்க! ஒருத்தர் வந்துட்டாங்க!" என்று. லைன் முழுக்கக் கைதட்டு. பன்னிரண்டாம் நம்பரில் யாரோ தட்டை எடுத்துத் தட்டினார்கள். கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது எனக்கு. யாரோ ஒருவர் பிள்ளைதான், ஆனாலும் வந்துவிட்டது.

இரண்டு, மூன்று, நான்கு என்று வந்துகொண்டே இருந்தார்கள். ஒரு ஆளுக்குப் பதினைந்து நிமிஷம். ஒவ்வொரு ஆளுக்கும் இவள் கத்துவாள். ஒரு நிமிஷம் கழித்து அந்தப் பக்கம் பெரியவர் கையைத் தட்டுவார். எங்கள் சத்தம்தான் அவளுக்கு முன்செய்தி ஆகிவிட்டது என்பது அப்போது எனக்கு உறைக்கவே இல்லை. சந்தோஷத்தில் யாருக்கு யோசனை போகிறது?

ஒன்பதாவது ஆள் வந்தார். பலகை குழாயின் வாயைத் தாண்டி வெளியே வந்ததும் என் வீட்டுக்காரி என் தோளைப் பிறாண்டிவிட்டாள்.

"ஏங்க! தொப்பி! என் தொப்பிங்க அது!"

மஞ்சள் தொப்பி, உச்சியில் பச்சை. சேறு பட்டிருந்தது, ஆனால் அந்த அசிங்கமான தொப்பி உலகத்தில் வேறு எங்கேயும் இருக்க முடியாது. நானும் பார்த்தேன். எனக்கும் சந்தேகம் இல்லை. இவள் சுவரின்மேல் இரண்டு கையாலும் அறைந்தாள்.

"தங்கச்சி! வந்துட்டாரு! நம்ம ஆளு வந்துட்டாரு! தொப்பியப் பாரு, தொப்பியப் பாரு!"

அந்தப் பக்கம் ஏதோ பாத்திரம் உருண்டது. அடுத்த மூச்சில் அவள் எங்கள் வீட்டுக்குள் இருந்தாள். செருப்பில்லை, தலை அவிழ்ந்து கிடந்தது. "எங்கக்கா? எங்க?" என்றவளை மைக்செட் கட்டிப்பிடித்துக்கொண்டாள். இரண்டு பேரும் அழுதுகொண்டே சிரித்தார்கள். அந்தப் பெண் வாய்விட்டுச் சிரித்து நான் பார்த்தது அதுதான் முதல் தடவை. எட்டு வருஷமாகப் பக்கத்து வீடு.

நர்ஸ் தொப்பியைக் கழற்றினாள். நரைத்த தலை. ஈரத்துணியால் துடைத்தாள். நரைத்த தாடி. அறுபதை நெருங்கின யாரோ ஒருவர். உதடு நடுங்கிக்கொண்டிருந்தது.

மைக்செட்டின் கை அப்படியே நின்றுவிட்டது. "ஐயோ, நான்... தங்கச்சி, நான் தொப்பியப் பாத்து..." என்று குளறினாள். தங்கச்சி அவள் பிடியிலிருந்து விலகினாள். திரையைப் பார்த்தபடியே இரண்டு அடி பின்னால் வைத்தாள். திடீரென்று ஏதோ நினைத்துக்கொண்டவள் போல, "மாமா பாப்பாரு" என்று ஓடினாள். நானும் பின்னாலேயே ஓடினேன்.

அவர்கள் டிவியில் குழாய் மட்டும்தான் தெரிந்தது. பலகை இன்னும் வரவில்லை. அவள் கட்டிலில் உட்கார்ந்து அவர் காதருகே வாயை வைத்துக் கத்தினாள். "மாமா, இப்ப ஒருத்தர் வருவாரு. உங்க புள்ள தொப்பியப் போட்டிருப்பாரு. ஆனா அவரு இல்ல. வேற ஆளு மாமா."

பெரியவர் திரும்பி அவளைப் பார்த்தார். "எவன் சொன்னான்?"

"பக்கத்து வீட்ல பாத்துட்டேன்."

"இங்க இன்னும் வரவே இல்லையே. வராதவன எப்படி இல்லேங்கிறே?" பலகை அப்போதுதான் வெளியே வந்தது. மஞ்சள் தொப்பி. பெரியவரின் கை தானாக மேலே எழுந்தது, பாதியில் நின்று கட்டிலில் விழுந்தது. நர்ஸ் துடைத்தாள். நரைத்த தாடி. அவர் வெகுநேரம் பார்த்துவிட்டுக் கரகரத்த குரலில் சொன்னார், "நான் ஒரு நிமிஷம் சந்தோஷமா இருந்திருப்பேனேம்மா. அதையும் ஏன் புடுங்கினே? முகத்தத் தொடச்சதும் எனக்கே தெரிஞ்சிருக்குமே."

அவள் தலையைக் குனிந்துகொண்டாள். அவருக்கே பாவமாகிவிட்டது. அவள் முதுகைத் தட்டி, "சரி விடு. தொப்பியக் குடுத்திருக்கான்னா குடுக்கிற நெலமையில இருக்கான்னுதானே அர்த்தம்? வயசானவரு குளிர்ல நடுங்கியிருப்பாரு, இவன் கழட்டிக் குடுத்திருப்பான். ஓசியில வாங்கினத ஓசியிலயே குடுத்துட்டான்" என்று சிரிக்கப் பார்த்தார்.

நான் வெளியே வந்தபோது அவளும் வாசல்வரை வந்தாள். கதவைப் பிடித்துக்கொண்டு மெதுவாகக் கேட்டாள்.

"அண்ணே, செத்தவங்க தலையிலேர்ந்தும் எடுத்துப் போட்டுக்குவாங்கல்ல?"

"சீ, என்ன பேச்சு இது? இன்னும் நாலு பேரு இருக்காங்க. உங்க மாமா சொல்றதுதான் சரி" என்றேன். என் குரல் எனக்கே பொய்யாகப் பட்டது.

"அக்காவ வைய வேணாம்ணே. பாவம், ஆசையிலதான் கத்துனாங்க." அவிழ்ந்து கிடந்த தலையை அள்ளி முடிந்தாள். "இனிமே வர்ற ஒவ்வொருத்தருக்கும் கத்த வேணாம்னு சொல்லுங்க. என்னால தாங்க முடியல. மொகம் தொடச்சுப் பாத்து, அவரா இருந்தா மட்டும் கத்தச் சொல்லுங்க."

"நெட்ட ஒரு தடவை நிறுத்திட்டுப் போடேம்மா. எங்க வீட்டோட சேந்து ஓடும்ல?"

"நிறுத்தினா மறுபடி வராமப் போயிட்டா? வேணாம்ணே. வர்றது வரட்டும்."

நான் வீட்டுக்கு வந்தபோது மைக்செட் தரையில் உட்கார்ந்து தலையில் அடித்துக்கொண்டிருந்தாள். "இந்த வாயில கொள்ளிய வைக்க. இந்த வாய எவன் எனக்குக் குடுத்தான்? அந்தப் புள்ள சிரிச்சிச்சேங்க. என்னைக் கட்டிப்புடிச்சுக்கிட்டுச் சிரிச்சிச்சே."

"அழாதே. அவரா இருந்தா மட்டும் கத்தணுமாம். கேட்டுச்சா?"

"கத்துவேன். அவரு மட்டும் வரட்டும். இந்தச் சுவரு இடிஞ்சு விழற மாதிரி கத்துவேன்."

பத்தாவது ஆள் வந்தார். துடைத்தார்கள். இல்லை. லைனில் மற்ற வீடுகளில் கைதட்டு. அவர்களுக்கு என்ன, ஒவ்வொரு தலையும் கொண்டாட்டம்தான். எங்கள் வீட்டில் மூச்சுச் சத்தம் மட்டும். பதினொன்று. துடைத்தார்கள். இல்லை. மைக்செட் வாய்க்குள் எதையோ முணுமுணுத்துக்கொண்டே இருந்தாள். அடுப்பில் பருப்பு தீய்ந்த நாற்றம் வந்தது. யாரும் எழுந்திருக்கவில்லை. அந்தப் பக்கம் இஸ்திரிப்பெட்டிச் சத்தமும் நின்றுவிட்டிருந்தது. அவள் அங்கே சுவரில் காதை வைத்துக்கொண்டுதான் நிற்கிறாள் என்று எனக்குத் தோன்றியது. டிவியைவிட எங்கள் சுவரைத்தான் அவள் பார்த்துக்கொண்டிருந்திருப்பாள்.

பன்னிரண்டாவது ஆள். ஒரு கணம் நான் எழுந்தே விட்டேன். அதே உடல்வாகு, அதே தோள். துடைத்தார்கள். இல்லை. அவருடைய பெண்டாட்டியோ தங்கையோ, ஒரு பெண் ஓடிவந்து பலகையின்மேல் விழுந்தாள். எனக்குக் கோபம் வந்தது. யார்மேல் என்று கேட்டால் சொல்லத் தெரியாது.

பதிமூன்றாவது ஆள் வர இருபத்தைந்து நிமிஷம் ஆனது. இடையில் கயிறு சிக்கிக்கொண்டது. மைக்செட் எழுந்து நின்றுகொண்டாள். கத்துவதற்குத் தயாராக நெஞ்சில் கையை வைத்துக்கொண்டு நின்றாள். பலகை வந்தது. நீளமான ஆள், பலகைக்கு வெளியே கால் நீட்டிக்கொண்டிருந்தது. ஓசியார் என் தோளுக்குத்தான் வருவார். அப்போதே தெரிந்துவிட்டது. இருந்தாலும் நர்ஸ் துடைத்து முடிக்கிறவரை பார்த்தோம்.

லைன் முழுக்க ஒரே ஆரவாரம். தட்டுச் சத்தம், விசில். "பதிமூணும் வந்தாச்சு! பதிமூணும் வந்தாச்சு!" என்று தெருவில் யாரோ ஓடினார்கள். அந்த வரிசையில் மூச்சு விடாமல் இருந்தது எங்கள் வீடு ஒன்றுதான். மைக்செட் தோளில் கிடந்த துண்டை எடுத்து வாய்க்குள் திணித்துக்கொண்டு சுவரோடு சரிந்தாள். அவளிடமிருந்து ஒரு சத்தமும் வரவில்லை. இருபத்தாறு வருஷத்தில் அவள் வாயிலிருந்து சத்தம் வராமல் நான் பார்த்ததில்லை.

நான் பனியனோடு வெளியே ஓடினேன். ஓடிப்போய் டிவி வயரைப் பிடுங்கிவிட வேண்டும் என்றுதான் ஓடினேன். அதற்கு மேல் யோசிக்கவில்லை.

அவள் வாசலில் நின்றுகொண்டிருந்தாள். தெருவில் தட்டுகிற சத்தத்தைக் கேட்டுக்கொண்டு, எங்கள் கதவையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

"பதிமூணும் ஆயிடுச்சா அண்ணே?"

நான் அவர்கள் வாசற்படியில் காலை வைத்தேன்.

"அக்கா கத்தல" என்றாள்.

"தங்கச்சி..."

"வேணாம்ணே. சொல்லாதீங்க." அவள் கதவின் இரண்டு பக்கமும் கையை வைத்துக்கொண்டாள். "உள்ள வராதீங்க. மாமாவுக்கு இன்னும் வரல. கயித்தைத்தான் சரி பண்ணிக்கிட்டிருக்காங்க. அவருக்கு இன்னும் கொஞ்ச நேரம் இருக்கு."

உள்ளே இருந்து பெரியவர் கூப்பிட்டார். சந்தோஷத்தில் அவர் குரல் இளைஞன் குரல் மாதிரி இருந்தது.

"ஏம்மா, எங்க போனே? கயிறு ஆடுது பாரு! நம்ம பயதான். சின்னதுலேர்ந்தே எதுலயும் கடைசியாத்தான் வருவான். பள்ளிக்கூடம் விட்டா ஊர்ப் புள்ளைங்க பூரா வீடு வந்து சேந்த அப்புறம்தான் இவன் வருவான். வாம்மா, சீக்கிரம் வா!"

"இதோ வந்துட்டேன் மாமா!" என்று அவருக்குக் கேட்கும்படி உரக்கக் குரல் கொடுத்தாள். புறங்கையால் முகத்தை அழுத்தித் துடைத்தாள். என்னைப் பார்க்கவில்லை. உள்ளே போய்க் கட்டிலில் அவரை ஒட்டி உட்கார்ந்து, அவர் கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டாள்.

"வர்றான் பாத்தியா?" என்றார் அவர்.

"ஆமா மாமா," என்றாள், "வர்றாரு."